க்ராடோஸ் எங்கள் வீட்டுக்குத் தாமதமாகத்தான் வருவார்

எங்கள் வீட்டு ஹாலில் காலண்டர் சரியாகத்தான் தொங்குகிறது. டிவிக்கு மட்டும் அது தெரியாது. வாசலில் சென்னை - திருப்பதி சாலையில் வண்டிகள் இன்றைய தேதியில் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே டிவியில் 2018 நடந்துகொண்டிருக்கும். காரணம் நான். பிளேஸ்டேஷன் விளையாட்டு எதையும் வந்த விலையில் வாங்குவதில்லை என்பது குடும்பத்தலைவன் என்ற முறையில் நான் போட்ட சட்டம். வீட்டில் செல்லுபடியாகிற என் சட்டமும் அது ஒன்றுதான். பணம் கொடுக்காமல் இருப்பதற்கு யாருடைய ஒத்துழைப்பும் தேவையில்லையே.

இதனால் பள்ளிக்கூடத்தில் என் மகனுக்கு ஒரு தனி அந்தஸ்து உண்டு. மற்ற பையன்கள் 'ஸ்பைடர்மேன் 2' பற்றிப் பேசும்போது, இவன் முதல் பாகத்தின் கிளைமாக்ஸை மூச்சுவாங்கச் சொல்வானாம். அவர்கள் பெரிய மனசு பண்ணிக் கேட்டுக்கொள்வார்களாம். "அப்பா, நான் பேசறதுக்கு ஆளே இல்லப்பா" என்றான் ஒருநாள். "நான் இருக்கேனேடா" என்றேன். அது அவனுக்கு ஆறுதலாகப் படவில்லை.

என் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். 2022 நவம்பர் 9 அன்று 'காட் ஆஃப் வார் ராக்னராக்' வந்தது. பிளேஸ்டேஷன் 5-க்கான டிஸ்க் விலை 4,999 ரூபாய். அன்றைய கணக்கில் ஏறக்குறைய ஐந்து கேஸ் சிலிண்டர். அதற்கு முந்தைய 'காட் ஆஃப் வார்' 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் 60 டாலருக்கு வந்து, அடுத்த ஆண்டே 'பிளேஸ்டேஷன் ஹிட்ஸ்' என்ற சிவப்புப் பட்டை அட்டைக்குள் புகுந்து 20 டாலருக்கு இறங்கிவிட்டது. அதே கோடாலி, அதே தாடி, அதே ராட்சசர்கள். ஒன்றரை வருஷம் பொறுத்தவனுக்கு மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். வங்கியில் போட்டால் இந்த வட்டி வருமா?

இது சோனிக்குப் புதுப் பழக்கமும் இல்லை. முதல் பிளேஸ்டேஷன் காலத்திலேயே, 1997-இல், அமெரிக்காவில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று ஒரு வரிசை தொடங்கினார்கள். கடைக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், ஒன்றரை லட்சம் பிரதிகளாவது விற்றிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு விளையாட்டு அந்த மலிவு வரிசையில் சேரலாம். ஐரோப்பாவில் அதற்கு 'பிளாட்டினம்' என்று பெயர். நன்றாக விற்றது எதுவோ அதன் விலையைத்தான் குறைப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் ஆடித் தள்ளுபடியில், விற்காமல் தேங்கிய சேலைதான் முதலில் மேஜைக்கு வரும். என் மனைவிக்கு இதைச் சொன்னபோது, "நல்லா ஓடற சரக்கை எதுக்கு எறக்கறான்? அவனுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள்.

பைத்தியம் அவனுக்கு இல்லை. இதைப் பல இரவுகள் யோசித்திருக்கிறேன், பகலில் அலுவலகத்தில் தூங்கியதற்கும் இதுதான் காரணம். கன்சோல் பெட்டியை விற்பதில் கம்பெனிக்குப் பெரிய லாபம் கிடையாது. பிளேஸ்டேஷன் 3-ஐ ஆரம்பத்தில் நஷ்டத்துக்கே விற்றார்கள். வருமானமெல்லாம் பிறகு அந்தப் பெட்டிக்குள் போகிற டிஸ்கிலும், டவுன்லோடிலும், மாதச் சந்தாவிலும்தான். வேறு கம்பெனி செய்த விளையாட்டு விற்றால் கன்சோல்காரனுக்குக் கமிஷன் மட்டும். தானே செய்தது, வேறு எந்தப் பெட்டியிலும் ஓடாதது என்றால் முழுப் பணமும் அவனுக்கு. அதைச் செய்த செலவோ என்றைக்கோ முடிந்துபோனது. இனி இன்னொரு பிரதி போட ஆகும் செலவு அற்பம். ஆகவே பழைய விளையாட்டை அவன் காசுக்காக விற்பதில்லை. என்னை மாதிரி வாசலில் நின்று யோசிக்கிற ஆசாமியை உள்ளே இழுக்க விற்கிறான். நாலு நல்ல விளையாட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் பெட்டி வாங்குவேன். பெட்டி வாங்கியபின் நான் அவன் வீட்டு மாப்பிள்ளை.

தூண்டில் என்று தெரிந்தேதான் கடிக்கிறேன். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது என்று கணக்குப் போட்டுக் கடிக்கிறேன்.

2022 ஜூனில் அந்த 2018 'காட் ஆஃப் வாரை' பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாக்காரர்களுக்கு மாதாந்தர விளையாட்டாக, தனிக் காசு வாங்காமலே கொடுத்தார்கள். சரியாக ஐந்து மாதம் கழித்து இரண்டாம் பாகம் முழு விலையில் வந்தது. ஜூனில் இலவசமாக அழவைத்து, நவம்பரில் 4,999 ரூபாய்க்குக் கண்ணைத் துடைக்கிற வித்தை. ரிச்சி தெருக் கடைக்காரர் ஒருவர் இதை எனக்கு ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தார்: "சார், அடுத்த பார்ட் தேதி சொன்னான்னா, முன்ன பார்ட் எறங்குதுன்னு அர்த்தம்." திருவாலங்காட்டில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து போய் நான் பெற்ற ஞானம் இது. டிஸ்க் எதுவும் வாங்காமல் திரும்பியதால் அவருக்குத்தான் நஷ்டம்.

2021 வசந்தத்தில் என் கொள்கைக்கு ஒரு பொற்காலம் வாய்த்தது. கொரோனாவில் எல்லோரும் வீட்டில் கிடந்தபோது 'ஹொரைசன் ஜீரோ டான்' என்ற பெரிய விளையாட்டை, முழுப் பதிப்பாக, சந்தாகூட இல்லாமல் சும்மாவே கொடுத்தார்கள். ஏப்ரல் 19 முதல் மே 14 வரை. அதை 2017-லேயே காசு கொடுத்து வாங்கிய என் ஒன்றுவிட்ட தம்பியைக் கூப்பிட்டு நலம் விசாரித்தேன். பல மாதங்களாகப் பேசாமல் இருந்தவன் திடீரென்று கூப்பிட்டதில் அவன் உருகிவிட்டான். விஷயத்தைச் சொன்னதும் மறுபடி பல மாதங்கள் பேசவில்லை. எங்கள் ஊர் பிராட்பேண்டில் அது இறங்கி முடிப்பதற்குள் இடையில் இரண்டு முறை கரண்டு போனது. அது வேறு கதை.

உண்மையில் முதல் நாள் வாங்குகிறவர்களை நான் கேலி செய்வதே இல்லை. 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கலான ஒரு சோனி ஆவணத்தில் கறுப்பு மை சரியாகப் பூசாததால் ஒரு கணக்கு வெளியே தெரிந்துவிட்டது: 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' செய்ய ஆன செலவு 22 கோடி டாலர். நம் பணத்தில் சுமார் 1,800 கோடி ரூபாய். இதை யார் கொடுத்தார்கள்? நானில்லை. முதல் வாரத்தில் வரிசையில் நின்ற புண்ணியவான்கள் கொடுத்தார்கள். திருப்பதிக்கு நடந்து போகிறவனுக்குச் சத்திரத்தில் இலைபோட்ட மாதிரி, அவர்கள் கட்டிவைத்த இடத்தில் நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பாயசம் கெட்டியாக இருக்கிறது என்று குறையும் சொல்கிறேன்.

மலிவில் ஒரு சங்கடம் உண்டு. முழு விலை கொடுத்தவன் மறுநாள் காலைக்குள் பாதி ஆடிவிடுவான். கொடுத்த காசு அவனைத் தூங்க விடாது. தள்ளுபடியில் வாங்கியது அப்படி உறுத்தாது. எங்கள் வீட்டு ஷோகேஸில் கொலு பொம்மைகளுக்குக் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத டிஸ்குகள் ஒரு வரிசை நிற்கின்றன. "இதையெல்லாம் எப்ப ஆடப்போறீங்க?" என்பாள் மனைவி. ரிட்டயர்மெண்டுக்கு என்பேன். அப்போது அந்த டிஸ்கைச் சுழற்ற ஒரு பெட்டி உலகத்தில் மிச்சமிருக்குமா என்ற சந்தேகத்தை அவளிடம் சொல்வதில்லை.

என் மாமியார் நகரிக்காரர். எங்கள் பக்கத்துத் திருத்தணி 1960 ஏப்ரல் வரை அவர்களுடைய ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அது தமிழ்நாட்டோடு சேர்ந்ததை அவர் இன்னும் தற்காலிக ஏற்பாடாகவே கருதுகிறார். ஆடிக் கிருத்திகைக்கு வந்தவர், காவடிக் கூட்டம் போனபின் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்தார். டிவியில் 'காட் ஆஃப் வார்' கதாநாயகன் க்ராடோஸ் நின்றுகொண்டிருந்தார். மொட்டைத் தலை, தாடி, உடம்பெல்லாம் சாம்பல் வெளுப்பு, குறுக்கே சிவப்புக் கோடு, கையில் கோடாலி.

"எந்த ஊரு முனீஸ்வரன் மாப்ளே இது?"

"கிரேக்க நாட்டு சாமி அத்தே. பொண்டாட்டி செத்துப்போயிட்டா. புள்ளையைக் கூட்டிக்கினு அஸ்தி கரைக்கப் போறாரு."

அவர் முகம் மாறியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஸ்தியை ஆத்துல கரைக்காம மலைமேல எதுக்குப் போறான்?"

"உள்ளதுலயே உசரமான மலை உச்சியிலேர்ந்து தூவணும்னு அந்தம்மா கேட்டுக்கிச்சாம்."

"கேட்டதைச் செய்யறானே, மவராசன்" என்றார், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு. அதன்பின் ராட்சசன் குறுக்கே வந்தபோதெல்லாம், காரியத்துக்குப் போகிறவனை மறிக்கிறார்களே என்று திட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் பழைய விளையாட்டு என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த டிஸ்குக்கு முழு விலை மதிப்புக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

சோனி உலகம் முழுக்க நடத்தும் 'டேஸ் ஆஃப் ப்ளே' தள்ளுபடி மே கடைசியில் ஆரம்பித்து ஜூனில் முடியும். தமிழ்நாட்டில் அந்த நாட்களுக்கு என்ன பெயர் என்று பெற்றோருக்குத் தெரியும். ஃபீஸ், நோட்டு, ஷூ, பை. ஒருவேளை டோக்கியோவில் பள்ளிக்கூடம் ஏப்ரலிலேயே திறந்துவிடுவதால் அவர்களுக்கு இந்தச் சிரமம் உறைக்கவில்லையோ என்னவோ. நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வந்த விலை, வாங்கிய விலை, மிச்சம் என்று மூன்று பத்தி. போன ஜூனில் அதை மனைவி கையில் எடுத்து, மூன்றாவது பத்தியைக் கூட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, இம்மாம் மிச்சம் பிடிச்சிருக்கீங்க! பையன் ஃபீஸ் சரியா இருக்கு. போய்க் கட்டிட்டு வந்துடுங்க."

அந்தப் பணம் கணக்கில் இருக்கிறது, கையில் இல்லை என்று விளக்கப் பொருளாதாரத்தின் மொத்த உதவியும் தேவைப்பட்டது. போதவில்லை.

காத்திருந்தால் இறங்கும் என்ற என் வேதத்துக்கு விரோதமாகச் சில நிகழ்வுகளும் சமீபத்தில் உண்டு. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2022 நவம்பரில் 54,990 ஆனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் 50 டாலர் ஏற்றினார்கள். உள்ளே போகிற விளையாட்டு கிழடாகி மலிகிறது, பெட்டி கிழடாகி விலை ஏறுகிறது. இன்னொரு பக்கம் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. 2013-இல் பிறந்து, மறு வருஷம் மெருகேறி, 2018-இல் 20 டாலர் வரிசைக்கு வந்து ஓய்ந்த அந்த விளையாட்டை, 2022-இல் புதிதாகச் செய்து 70 டாலருக்கு மறுபடி மணையில் உட்காரவைத்தார்கள்.

இவர்களாவது பரவாயில்லை. நிண்டெண்டோ என்ற கம்பெனி இருக்கிறதே, அவர்களுக்கு இறக்கம் என்பதே கிடையாது. முன்பு இருந்தது. 1996-இல் 'பிளேயர்ஸ் சாய்ஸ்' என்றும், 2011-இல் 'நிண்டெண்டோ செலக்ட்ஸ்' என்றும் மலிவு வரிசைகள் நடத்தியவர்கள்தான். ஸ்விட்ச் என்ற கன்சோல் வந்தபின் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். 2017 மார்ச்சில் ஸ்விட்சோடு 60 டாலருக்கு வந்த 'செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்', 2025-இல் ஸ்விட்ச் 2 பதிப்பாக 70 டாலர். எட்டு வருஷத்தில் பத்து டாலர் வளர்ந்திருக்கிறது. 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றும் பழைய விலையிலேயே நிற்கிறது. 2015-இல் காலமான அவர்கள் தலைவர் சடோரு இவாட்டாவின் எண்ணம், விலையைக் குறைத்தால் முதலில் நம்பி வாங்கியவனைத் தண்டித்ததாகும் என்பது. பட்டும் இருக்கிறார். 2011-இல் 3டிஎஸ் என்ற கைக் கன்சோலை 250 டாலருக்கு விட்டு, ஆறே மாதத்துக்குள் 170-க்கு இறக்க வேண்டி வந்தது. முதலில் வாங்கியவர்களுக்கு 'அம்பாசடர்' பட்டமும் 20 பழைய விளையாட்டுகளும் கொடுத்தார். தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். என் சம்பளத்தில் பாதி வெட்டுப்படுவது மாதாமாதம் நடக்கிறது, எனக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை.

ஸ்விட்சை அந்தக் கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. சொந்தக்காரர் யாராவது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் பொங்கலுக்கு வருகிறான் என்றதும் மகன் பேச்சை எடுத்தான். நான் என் நோட்டைத் திறந்து, செல்டாவின் எட்டு வருஷச் சரித்திரத்தைச் சொல்லி, இறங்காத பொருளை எப்படியடா வாங்குவது என்று கேட்டேன். அவன் முகம் வாடியது. அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள், கையில் கரண்டியோடு.

"எப்பவுமே எறங்காதா?"

"எறங்காது."

"நாளைக்கு வாங்கினாலும் அதே வெலை, அஞ்சு வருசம் கழிச்சு வாங்கினாலும் அதே வெலை?"

"ஆமா."

"அப்போ எதுக்குங்க காத்திருக்கணும்? இன்னிக்கே வாங்கிட வேண்டியதுதான?"

நிண்டெண்டோவின் மொத்த வியாபாரத் தந்திரமும் அவள் கரண்டி நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பதில் தேடினேன். மகன் அதற்குள் மாமாவுக்கு போன் போட்டுவிட்டான். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சிங்கப்பூர் டாலர் இறங்குமா என்று தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.