காசும் பாம்பும்: இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

காசு விழுங்கும் இயந்திரங்களின் வம்சாவளி கோயிலில் தொடங்குகிறது. அலெக்சாந்திரியாவின் ஹீரோ கி.பி. முதல் நூற்றாண்டில் விவரித்த கருவியில், விழுந்த காசின் கனத்தால் ஒரு தட்டு சாயும், தீர்த்தம் வரும், காசு வழுக்கியதும் நின்றுவிடும். காசளவே அருள் என்னும் இக்கொள்கையை வீடியோ விளையாட்டுக்காரர்கள் தெய்வத்தை மட்டும் கழித்துவிட்டு ஏற்றுக்கொண்டனர்.

1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ‘கேலக்ஸி கேம்’ ஓர் ஆட்டத்துக்கு 10 சென்ட் வாங்கியது. உள்ளே இருந்ததோ பல்லாயிரம் டாலர் பெறுமான கணினி. வட்டிக்கணக்கு தெரிந்த எவரும் இதற்கு ஜாமீன் போட்டிருக்கமாட்டார். மறு ஆண்டு அட்டாரி நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் வடிவமைத்த ‘பாங்’கில் கணினியே கிடையாது; வெறும் மின்சுற்றுகள். சன்னிவேல் மதுக்கடை ஒன்றில் வைத்த மாதிரி இயந்திரம் சீக்கிரமே நின்றுபோனது. பழுதுபார்க்கப் போன அல்கார்ன் கண்டறிந்த நோய், உண்டியல் நிரம்பி வழிந்தது.

இதன் பிறகு இத்துறை இரண்டு கிளைகளாகப் பிரிந்ததாக இவ்வாய்வு கருதுகிறது (வேறு கிளைகளும் உண்டு, இவ்வட்டாரத்துக்கு அவை தேவையில்லை). முதலாவது ஸ்டீயரிங் கிளை. 1974இல் வந்த அட்டாரியின் ‘கிரான் டிராக் 10’ ஸ்டீயரிங், கியர், பெடல் மூன்றையும் பெட்டிக்குள் கொண்டுவந்தது. இருங்காட்டுக்கோட்டையில் இக்கிளை பெட்டியைவிட்டு வெளியே வந்துவிட்டது: 1990இல் பந்தயத் தடம், 1998இல் ஹூண்டாய் ஆலையின் சான்ட்ரோ. போட வேண்டிய காசு மட்டும் சற்றே கூடியது.

இரண்டாவது பாம்புக் கிளை. 1976இல் கிரெம்லின் நிறுவனம் வெளியிட்ட ‘பிளாக்கேட்’ ஆட்டத்தில் இருவர் நகர நகர, போன வழியெல்லாம் சுவர் எழும்பும். சுவரில் முட்டியவர் தோற்றார். அந்தச் சுவரே பின்னாளில் பாம்பின் உடலாயிற்று. 1997இல் நோக்கியா பொறியாளர் டானெலி அர்மான்டோ அந்தப் பாம்பை நோக்கியா 6110 போனுக்குள் விட்டார். 2006இல் நோக்கியாவின் ஆலை அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாகக் காசு கேட்ட ஜந்து, காசு போடும் துளையே இல்லாத உடம்போடு பெங்களூர் நெடுஞ்சாலையோரம் வந்து சேர்ந்தது.

இங்கேதான் சிக்கல். காசு இயந்திரத்தில் ஆட்டக்காரர் தோற்றே ஆகவேண்டும். தோற்காதவரிடம் அடுத்த காசு பெயராது. போனில் அந்த அவசியம் இல்லை. ஆயினும் பாம்பு செத்தது: பஸ்ஸில் செத்தது, ஷிப்ட் இடைவேளையில் செத்தது. ஒப்புநோக்கப் பரமபதத்தை எடுத்துக்கொள்ளலாம். ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரின் மரபுக்கு அது அந்நியமன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவது. அதில் பாம்பு கடித்தால் இறங்கத்தான் வேண்டும், சாக வேண்டியதில்லை. மேலே வைகுண்டம் இருக்கிறது, ஒருநாள் போய்ச் சேரலாம். அவ்வாட்டத்தை உண்டியல் வைத்து யாரும் வடிவமைக்கவில்லை. ஆகவே போன் பாம்பின் மரணம், உதிர்ந்துபோன காசுத் துளையின் மிச்சம் என்றே கொள்ளவேண்டும்.

வரித் தகராறில் சிக்கிய நோக்கியா ஆலை, நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது அதில் சேராமல் தனித்து நின்று, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அவ்வளாகத்தைப் பின்னர் வாங்கிய சால்காம்ப் தயாரிப்பது சார்ஜர். சார்ஜருக்குள் ஆடுவதற்கு ஒன்றுமில்லாததால், இவ்வாய்வு அதன் கேட் வரைக்கும்தான் போகிறது.