எப்ப எடுக்கிறாங்க?

ஒரு நிறுவனத்தில் இன்டர்னுக்கு இரண்டே வேலைதான். ஒன்று, டீ வாங்கி வருவது. இதைக் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை. இரண்டு, ஏதாவது விவகாரம் ஆகும்போது “அதை இன்டர்ன் போட்டுட்டாங்க” என்று நிறுவனம் சொல்லும் அல்லவா, அந்த இன்டர்னாக இருப்பது. இதைச் சொல்லித்தரவே மாட்டார்கள்.

கும்பகோணத்தில் எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் படிக்கிறேன். கூடப் படிப்பவர்கள் சென்னை, பெங்களூரு என்று பெட்டி கட்ட, எனக்கு அமைந்தது சுவாமிமலை. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால், சம்பளம் இல்லாத வேலையில் எனக்குக் கையைவிட்டுப் போகவும் எதுவும் இல்லை. அலுவலகம் ஒரு மாடி. முதலாளி, ஒரு வீடியோ எடிட்டர், நான். முதலாளி பல வருஷம் ஃப்ளெக்ஸ், போஸ்டர் அடித்துக்கொண்டிருந்தவர். காலம் மாறியதும் போர்டில் ‘டிஜிட்டல் பிராண்டிங்’ என்று எழுதிவிட்டார். மெஷினை மாற்றவில்லை.

வேலை பழக வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு தெம்பைக் கொடுக்கும். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் போட்டுவிட்டு, பெற்ற அப்பனையே மாணவனாக உட்காரவைத்துப் பாடம் எடுத்த பிள்ளை குடியிருக்கும் ஊர். தமிழ் வருஷம் ஒன்றுக்கு ஒன்றாக அறுபது படி. பிரபவவில் தொடங்கி அட்சய வரை ஏறிப்போய், “முதலாளியை ஒரே ஒரு கேள்வி கேட்கத் தைரியம் கொடு முருகா” என்று வேண்டிக்கொள்வேன். அவனுக்கு அப்பா சிவபெருமான், எதையும் கேட்கலாம். என் அப்பா கூட்டுறவு வங்கியில் எழுத்தர். இறங்கி வருவதற்குள் தைரியமும் படிப்படியாக இறங்கிவிடும்.

எங்களுக்கு வாய்த்த கிளையன்ட் ஐம்பொன் சிலை செய்யும் பெரியவர் ஒருவர். சுவாமிமலைச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் 2023-இல் ஜி-20 மாநாட்டுக்காக நிறுத்தினார்களே 27 அடி நடராஜர், ஏறக்குறைய 18 டன், அது இந்த ஊர் ஸ்தபதிகளின் கைவேலை. உலகத் தலைவர்கள் பலர் வந்துபோன இடம் அது. எங்கள் முதலாளிக்கு அதில் ஒரே வருத்தம்: “பீடத்துல ஒரு போன் நம்பர் போட விட்டிருக்கலாம்.”

பெரியவரிடம் என்ன செய்கிறார் என்று முதலாளி கேட்கவில்லை. எதைச் செய்தால் சண்டை வரும் என்று கேட்டார். “சார், இன்னைக்கு விளம்பரம்னா சர்ச்சை. சர்ச்சை இல்லாட்டி எவன் பாக்குறான்? உங்க சிலையை நாலு பேரு திட்டணும்.”

பெரியவர் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, மெழுகு பிடிச்சு, வண்டல் மண்ணு பூசி, காயவெச்சு, சுட்டு, மெழுகை ஓடவிட்டு, உலோகத்தை ஊத்தி, மண்ணை உடைக்கிற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. அவசரப்பட்டா மூக்கு வராது. மூக்கு வராத சாமியத்தான் நாலு பேரு திட்டுவாங்க. அதுக்கு உங்களுக்கு எதுக்குக் காசு?”

முதலாளி இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கல்லூரியில் எனக்குக் கொடுத்திருந்த தலைப்பும் ‘சர்ச்சைக்குரிய விளம்பரங்களும் பிராண்ட் மதிப்பும்’ என்பதுதான். நிறுவனம், வருஷம், விற்பனையில் ஏற்பட்ட பாதிப்பு என்று அட்டவணைக்குக் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். என் தொழில்நிலையை உத்தேசித்து நானாக ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘அடி யாருக்கு?’ அதை நிரப்ப ஆரம்பித்த பிறகு மற்ற கட்டங்களில் எனக்கு ஆர்வமே போய்விட்டது.

2019 ஹோலிக்கு சர்ஃப் எக்ஸெல் ஒரு விளம்பரம் போட்டது. தொழுகைக்குப் போகவேண்டிய நண்பனின் வெள்ளைச் சட்டையில் சாயம் படக்கூடாது என்று, ஒரு சின்னப் பெண் தெருவில் இருக்கும் பிள்ளைகளின் சாயத்தையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்வாள். அழகான படம். கோபம் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கைப்பேசியை எடுத்தார்கள், ‘எக்ஸெல்’ என்று தேடினார்கள், கண்ணில் பட்ட செயலிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து வசைபாடினார்கள். அது மைக்ரோசாஃப்ட் எக்ஸெல். கணக்குப் போடும் செயலிக்கும் அழுக்குத் துணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருவேளை அமெரிக்காவில் ஒரு இன்டர்ன் அன்று காலை வேலைக்கு வந்து, ‘இந்தியாவுக்கு நாம் என்ன செய்தோம்?’ என்று தலையைச் சொறிந்திருக்கலாம். அவருக்காக என் அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்கினேன்.

அடுத்து தனிஷ்க், அக்டோபர் 2020. முஸ்லிம் மாமியார் தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிற விளம்பரம். தனிஷ்க்கின் தாய் நிறுவனமான டைட்டன், டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியது; அந்த வகையில் நமக்கும் கொஞ்சம் சொந்தம். எதிர்ப்புக் கிளம்பியதும் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஊழியர்கள், கடைப் பணியாளர்களின் நலனையும் காரணமாகச் சொன்னார்கள். குஜராத்தில் காந்திதாம் கடையின் கதவில் கையால் எழுதிய மன்னிப்புத் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. கதை எழுதியவர் அந்தக் கடையில் இல்லை, படம் எடுத்தவரும் இல்லை, ‘ஓகே’ சொன்ன பெரிய அதிகாரியும் இல்லை. வளையலுக்கு அளவு பார்த்துக்கொடுப்பவர்கள்தான் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

நம்மூரில் நடந்ததையும் விட்டுவிடக் கூடாது. அக்டோபர் 2021-இல் சொமேட்டோவில் ஆர்டர் செய்த ஒருவருக்கு ஓர் அயிட்டம் வரவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி பதில் வந்தது. தமிழ்நாட்டில் சாப்பாடு வராததைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், இதையா பொறுப்பார்கள்? மறுநாள் நாடு பூராவும் ட்ரெண்டிங். தமிழிலேயே மன்னிப்பு அறிக்கை வந்தது. கோயம்புத்தூரில் தமிழ் சேவை மையம் அமைக்கிறோம், விளம்பரத்துக்கு அனிருத்தைப் போட்டிருக்கிறோம் என்றெல்லாம் அதில் இருந்தது. வராத சாப்பாட்டுக்கு அனிருத் என்ன செய்வார்? அந்த ஊழியரை வேலையைவிட்டு நீக்கியதாகச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்திலேயே நிறுவனர் தீபிந்தர் கோயல், மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்றார்; நாட்டில் சகிப்புத்தன்மை கூடவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லி, அடங்கப்போன அடுப்பில் இன்னொரு விறகை வைத்தார். என் கட்டத்தில் எழுதினேன்: ‘காலையில் வேலை போய், பகலில் திரும்பக் கிடைத்தவர்.’ அவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டிருப்பாரா என்பது என் கவலை.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது ஒன்று உறுத்தியது. திட்டு வாங்கிய விளம்பரம் எல்லாம் ஒரே ரகம் இல்லை. பொன்னியையும் புல்லையும் ஒரே மூட்டையில் கட்டி ‘சர்ச்சைக்குரியவை’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறது பாடப் புத்தகம். தனிஷ்க்கும் சர்ஃப் எக்ஸெலும் யாரையும் இழிவு செய்யவில்லை. ஆனால் 2023 சுற்றுச்சூழல் தினத்துக்கு அதே சொமேட்டோ எடுத்த படத்தில், ‘லகான்’ படத்தில் தலித் பாத்திரமான கச்ராவாக நடித்த நடிகரையே மேசையாகவும் விளக்காகவும் பூந்தொட்டியாகவும் உட்காரவைத்தார்கள், மறுசுழற்சியை விளக்குகிறோம் என்று. அதற்கு வந்த கோபம் நியாயமான கோபம். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத என் பேனா மறுத்தது. எங்கள் பேராசிரியர் மறுக்கவில்லை. “எதுவா இருந்தாலும் ரீச் ரீச்தானேம்மா” என்றார்.

பெப்சியைப் பற்றி ஒரு வரி. ஏப்ரல் 2017-இல் கெண்டல் ஜென்னர் போராட்டக் கூட்டத்திலிருந்து நடந்துபோய், போலீஸ்காரர் கையில் ஒரு பெப்சி டின்னைக் கொடுத்தால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று படம் எடுத்து, மறுநாளே வாபஸ் வாங்கினார்கள். அதற்குச் சில மாதம் முன்னால்தான் நம்ம பிள்ளைகள் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் 1 முதல் பெப்சியும் கோக்கும் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்களே அறிவித்திருந்தன. படம் எடுப்பதற்கு முன்னால் மெரினாவில் சுண்டல் விற்கிறவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கோடிக்கணக்கில் மிச்சமாகியிருக்கும்.

செய்தவரே அடி வாங்கிய சம்பவமும் இல்லாமல் இல்லை. பதஞ்சலி மருந்து விளம்பர வழக்கில், 2024 ஏப்ரலில், 67 நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டுவிட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். நீதிபதிகள் விடவில்லை: நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் விளம்பரத்தின் அளவுக்கு மன்னிப்பும் இருந்ததா என்று கேட்டார்கள். அடுத்தது பெரிதாக வந்தது. ஃப்ளெக்ஸ் தொழிலில் இருந்த எங்கள் முதலாளிக்கு அந்தத் தீர்க்கமான சதுர அடிக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. “நம்ம ஆளுங்க, சைஸ் கேக்குறாங்க பாரு” என்றார்.

என் அட்டவணையை அவர் முழுக்கப் படித்தார். படித்துவிட்டு அதிலிருந்து எனக்குத் தோன்றாத ஒன்றைக் கண்டுபிடித்தார். 2024 பிப்ரவரி 2 அன்று நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக இன்ஸ்டாகிராமில் செய்தி வந்தது. மறுநாள் அவரே தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்தது என்றார். விளம்பர நிறுவனம் மன்னிப்பு கேட்டது. அந்த வரியின் கீழ் முதலாளி சிவப்பு மையில் கோடு போட்டார்.

“சாவு! சாவை மிஞ்சின ரீச் எது? நம்ம தஞ்சாவூர் ஜில்லாவுல ஒருத்தன் படிக்கிற ஒரே போஸ்டர் கண்ணீர் அஞ்சலிதான். கலை செத்துப்போச்சுன்னு அடிப்போம்.”

முருகா, அந்த ஒரு கேள்வியைக் கேட்க இதுதான் நேரம் என்று தெரிந்தது. “சார், கலைக்கு முகம் கிடையாதே, போட்டோ யாருடையதைப் போடுறது?” என்று கேட்டேன். நான் தடுக்கத்தான் கேட்டேன். அவருக்கு அது யோசனை சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் போஸ்டர் தயார். சுற்றிலும் கறுப்புப் பட்டை. நடுவில் பெரியவர் தீபாவளிச் சட்டையில் சிரிக்கிறார். ‘தோற்றம்: சோழர் காலம். மறைவு: நாளை?’ கீழே, ‘இவ்வண்ணம், இதயம் நொறுங்கிய கலை ரசிகர்கள்.’ அதற்கும் கீழே, பதஞ்சலியின் முதல் மன்னிப்பு அளவு எழுத்தில், ‘இக்கலையைச் சாகவிடலாமா? இன்றே ஆர்டர் செய்வீர்!’ இரங்கல் போஸ்டரில் ஜனங்கள் பார்ப்பது போட்டோவையும், எப்போது எடுக்கிறார்கள் என்பதையும்தான். சின்ன எழுத்தை எந்தக் காலத்தில் யார் படித்தார்கள்?

ரீல்ஸ் எடுப்பதற்காக விடியற்காலையில் பட்டறைச் சுவரில் ஒன்றை ஒட்டச் சொன்னார். எடிட்டர் ஏணியில், நான் பசை வாளியோடு. பெரியவர் செம்பு வாங்கக் கும்பகோணம் போயிருந்தார். கேமராவுக்கு வெளிச்சம் வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, பால் வாங்க வந்த ஒரு மாமா போஸ்டரைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

“ஏம்மா, எப்ப எடுக்கிறாங்க?”

“ஒன்பது மணிக்கு அங்கிள். வெயில் நல்லா விழுந்ததும் எடுத்துடுவோம்.”

“அவ்வளவு சீக்கிரமாவா? பொண்ணு மாயவரத்துலேர்ந்து வரவேணாமா?”

“அவங்க எதுக்கு அங்கிள்? நாங்க ரெண்டு பேரே போதும். அரை மணி நேர வேலைதான்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை விளக்க முடியவில்லை. எட்டு மணிக்குள் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி இறங்கிவிட்டது. திருப்புவனத்திலிருந்து பங்காளி ஒருத்தர் ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார். தூரத்து உறவில் ஓர் அத்தை தெருமுனையிலேயே குரலை எடுத்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த பெரியவரின் மனைவிக்கோ ஒன்றும் புரியவில்லை. ஆறு மணிக்கு அவர்தான் காபி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

“அவரு கும்பகோணம்ல போயிருக்காரு” என்றார்.

“ஜி.எச்.சுக்கா?” என்று பங்காளி கேட்டார். “எப்ப கொடுப்பாங்களாம்?”

“கிலோ கணக்குப் பார்த்துக் கொடுக்கணும்ல, பத்தாயிடும்.”

அத்தை குரலை இன்னொரு கட்டை ஏற்றினார்.

ஒன்பதேகாலுக்குப் பெரியவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் செம்புக் கட்டோடு வந்து இறங்கினார். முதலில் நாற்காலியைப் பார்த்தார், அப்புறம் மாலையை, கடைசியில் சுவரை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போஸ்டரைச் சின்ன எழுத்து உட்பட முழுக்கப் படித்தார். அன்றைக்கு அதைப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

“மறைவுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டீங்களே தம்பி, அந்த மட்டுக்கும் சரி” என்றார்.

ரீல்ஸைப் பார்க்க வந்திருந்த முதலாளி அதற்குள் இரண்டடி பின்னால் போயிருந்தார். “ஐயா, ஒட்டினது நம்ம இன்டர்ன் பொண்ணு” என்றார். பசை வாளி என் கையில்தான் இருந்தது; மறுக்க வழியில்லை. என் அட்டவணையின் கடைசி வரிசை அந்த இடத்திலேயே நிரம்பியது.

பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. “நீ போயி இவங்களுக்கெல்லாம் காபி சொல்லிட்டு வா பாப்பா. கணக்கு உங்க முதலாளி பேர்ல” என்றார். முதல் வேலைக்கே திரும்பினேன். வந்தது வந்தாகிவிட்டது, மாலையும் காசு கொடுத்து வாங்கியது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த பங்காளி, காபி உள்ளே போனதும் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் மகன் புது வீடு கட்டுகிறானாம். உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் என்பதால் விலையைக் குறைத்துப் பேசி, ஒரு ஜோடி குத்துவிளக்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் நிறுவனத்தின் அந்த மாத அறிக்கையில் இது ‘நேரடி வாடிக்கையாளர் வருகை, உடனடி விற்பனை’ என்று பதிவாகியிருக்கிறது. பேராசிரியருக்கும் ரொம்பத் திருப்தி.

எனக்குக் கொடுத்த சான்றிதழில், ‘நெருக்கடி நேரங்களில் திறம்படச் செயல்பட்டார், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். சுற்றிலும் மட்டும் கறுப்புப் பட்டை இருந்தது. கேட்டதற்கு, மெஷினில் அந்த டிசைன்தான் ஏறியிருக்கிறது, மாற்றினால் தனிக் காசு என்றார் முதலாளி.