அனுப்பு பொத்தான்

லிபரே ஆபிஸ் மென்பொருள் இலவசம். 2010இல் ஓபன் ஆபிஸிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனது. அதன் சொற்செயலியான ரைட்டரில் பெயருக்கொரு பெட்டி, ஆண்-பெண் தெரிவுக்கு வட்டம், கீழே ‘அனுப்பு’ பொத்தான் எல்லாம் வரையலாம். எச்டிஎம்எல் ஆகவோ பிடிஎப் ஆகவோ சேமிக்கலாம். ஒரு படிவத்துக்காகப் பேசாலையிலிருந்து மன்னார் டவுனுக்கு பஸ் ஏறுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

கொஞ்சம் வேண்டும். பொத்தானுக்கு எங்கே அனுப்புவதென்று ஒரு முகவரி. அங்கே வாங்கிக்கொள்ள விழித்திருக்கும் ஒரு சேவையகம். ரைட்டர் படிவம் தரும், சேவையகம் தராது. வடிவமைப்பு முறையை அணைக்க மறந்தால் பெட்டிக்குள் எழுத்து விழாது, பெட்டிதான் நகரும். படிவத்தைப் பாமினி எழுத்துருவில் அடித்து எச்டிஎம்எல் ஆகச் சேமித்திருந்தாலோ, அந்த எழுத்துரு இல்லாத போனில் கேள்விகளெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பல்லிளிக்கும்.

நம்மவர் கண்ட வழி இதையெல்லாம் தாண்டியது. கொமினிக்கேசன் கடையில் பிரிண்ட் எடுத்து, நீலப் பேனையால் நிரப்பி, கிராம சேவகரிடம் ஒப்பமும் முத்திரையும் வாங்கி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது. அலுவலகத்தில் அதை மறுபடி பிரிண்ட் எடுத்துக் கோவையில் குத்துவார்கள். இரண்டு பிரதி.