இங்க ஒரு ஷாட் இருந்தது

இருட்டில் முகம் தெரியாது. முழங்கை மட்டும் தெரியும். டைட்டில் ஓடி முடிவதற்குள் அது நம் விலாவில் வந்து இடிக்கும்.

“இங்க ஒரு ஷாட் இருந்தது. கவனிச்சியோ? காணும்.”

இல்லாத ஷாட்டை எப்படி மாமா கவனிப்பது என்று கேட்கக் கூடாது. கேட்டால் அந்த ஷாட்டில் யார் எந்தப் பக்கமிருந்து வந்தார், பின்னால் தூண் இருந்ததா, புறா பறந்ததா என்று எல்லாம் சொல்லுவார். அதற்குள் திரையில் இருக்கிற ஷாட்டும் போய்விடும். முன்வரிசைக்காரர் கோபமாகத் திரும்புவார். மாமா அவருக்கும் ஒருதரம் சொல்லுவார், தெலுங்கில்.

பழைய படமோ, இசைத்தட்டோ, புத்தகமோ எதைப் புதுப்பித்து வெளியிட்டாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் ஒரிஜினல் மாமா. ரசிக்க அல்ல, சரிபார்க்க. ஒரிஜினல் அவர் வீட்டில் இருக்கும், அல்லது மனசில் இருக்கும். இரண்டையும் நமக்குக் காட்டமாட்டார். இது பொதுவாக எல்லா ஊரிலும் உள்ள ஒரு ரகத்தைப் பற்றிய கட்டுரை. வெஸ்ட் மாரெட்பள்ளியில் எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பார்த்த உத்தியோகமும் ஒரு காரணம். 1966இல் தென் மத்திய ரயில்வே பிறந்தபோது பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு செகந்திராபாத் வந்தவர். வளர்ந்து, அதே ரயில்வேயின் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, ரிட்டயர் ஆகும்வரை மற்றவர்களின் பயணப்படி பில்லில் சிவப்பு மை போட்டவர். பில்லில் இருப்பதைப் பார்க்க யாராலும் முடியும், இல்லாததைப் பார்க்கத்தான் கண் வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அந்தக் கண் ரிட்டயர் ஆகவில்லை.

2012 மார்ச்சில் ‘கர்ணன்’ மறுபடி வந்தது. பி. ஆர். பந்துலு 1964 பொங்கலுக்குக் கொடுத்த படம் சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடி, புதுப்படக்காரர்களின் வயிற்றைக் கலக்கியது. அப்போது சர்வீஸில் இருந்த மாமா, ரயில்வே பாஸில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பியவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குற்றம் அகப்பட்டுவிட்டது.

“சினிமாஸ்கோப்னு போட்டிருக்கான். சிவாஜி கிரீடத்துல கால் பாகம் காணும்.”

இதில் நியாயம் இருக்கிறது. ஏறக்குறையச் சதுரமாக எடுத்த பழைய படத்தை அகலத்திரைக்கு மாற்றினால் மேலேயோ கீழேயோ கத்தி வைத்துத்தான் ஆகவேண்டும். கிரீடம் வைத்தவர்கள் நிறைந்த படத்தில் முதல் சேதம் கிரீடத்துக்குத்தான். மாமா இதோடு நிறுத்தியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

“குந்தி வந்து பேசிட்டுப் போறாளோல்யோ, அங்க ஒரு குதிரை ஷாட் இருந்தது. வெள்ளைக் குதிரை. தனியா நிக்கும். அதையும் தூக்கிட்டான்.”

சமையலறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. “அந்தப் படத்துக்குப் போனப்ப உங்களுக்கு ஏழு வயசு. இன்டர்வலுக்கு முன்னாடியே தூங்கிட்டேள்னு உங்கம்மாவே சொல்லியிருக்கா.”

“தூங்கினா என்ன? குதிரை ஞாபகம் இருக்கு.”

எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. படங்களை மறுவெளியீடு செய்கிற நிறுவனம் எதுவும் மாமாவின் தலைக்குள் நடக்கிற மறுவெளியீட்டுக்குப் பக்கத்தில் வர முடியாது. அங்கே வருஷா வருஷம் புதுக் காட்சிகள் சேர்கின்றன. முதலில் ஒரு குதிரை. போன தீபாவளிக்குக் கேட்டபோது குதிரைக்கு ஒரு சேவகன் வந்துவிட்டான். நெகட்டிவ் அவரிடம் இருப்பதால் யாரும் எதிர்த்து வாதாட முடியாது.

‘மாயாபஜார்’ விஷயம் இன்னும் மோசம். அந்தப் படமும் மாமாவும் ஒரே வருஷத்து ரிலீஸ், 1957. 2010 ஜனவரியில் ஹைதராபாத் கம்பெனி ஒன்றே அதற்குக் கலர் போட்டு வெளியிட்டது. (மாமா அதற்கு முன்பே தலைக்குப் போட ஆரம்பித்திருந்தார்.) ஊரே குடும்பம் குடும்பமாகப் போயிற்று. எஸ். வி. ரங்காராவ் வாயைத் திறக்க லட்டு தானாகப் பறந்து போய் விழுகிற காட்சியில் குழந்தைகள் எழுந்து நின்று கத்தின. லட்டு லட்டு நிறத்தில் இருந்ததே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

“சாவித்திரி புடவை கலர் தப்பு,” என்றார் மாமா.

நான் மெதுவாகத்தான் கேட்டேன். “மாமா, ஒரிஜினல் கறுப்பு வெள்ளைதானே?”

“ஆமா.”

“அப்ப புடவை என்ன கலர்னு...”

“மாம்பழக் கலர். இதுல பச்சை அடிச்சிருக்கான்.”

இதற்கு மேல் விவாதம் கிடையாது. மார்க்கஸ் பார்ட்லி கறுப்பு வெள்ளையில் நிலா வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்பதைப் பற்றி இன்றைக்கும் ஒளிப்பதிவாளர்கள் வியந்து பேசுகிறார்கள். அந்தச் சாம்பல் நிறங்களுக்குள் மாமா மட்டும் மாம்பழத்தைப் பார்த்திருக்கிறார். அடுத்த குறை அரசியல். கலர் ஆனது தெலுங்குப் படம், நாகேஸ்வர ராவ் அபிமன்யு. அதே செட்டில் அதே கே. வி. ரெட்டி தமிழிலும் எடுத்தாரே, அதில் ஜெமினி கணேசன்தானே அபிமன்யு, ஜெமினிக்கு ஒரு டப்பா பெயிண்ட் அடிக்க இந்த ஊரில் நாதியில்லையா? மாரெட்பள்ளித் தமிழர்கள் இதற்காகவாவது சங்கம் கூட வேண்டும் என்றார். கூடவில்லை.

சினிமாவுக்காவது மூன்று மணி நேரத்தில் முடிவு உண்டு. இசை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மகள் அமெரிக்காவிலிருந்து வந்தபோது காரவான் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். பழைய எச்.எம்.வி. கம்பெனி சரிகமா என்று பெயர் மாற்றிக்கொண்டு, பரணிலிருந்த 5,000 பாட்டை ஒரு ரேடியோப் பெட்டிக்குள் போட்டு 2017 முதல் விற்றதே, அதன் தமிழ்ப் பதிப்பு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தெருவில் அது இல்லாத வீடு குறைவு. மாலை நடைக்குப் போனால் ஒரு வீட்டில் டி.எம்.எஸ். தொடங்கிய பாட்டை நாலாவது வீட்டில் பி. சுசீலா முடிப்பார்.

மாமாவின் வீட்டில் அந்தப் பெட்டிக்கு ஒரு உதவியாளர் உண்டு. அவரிடமுள்ள இசைத்தட்டில் ஒரு டி.எம்.எஸ். பாட்டின் இரண்டாவது சரணத்தில் கீறல் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் முள் ஒரு தாவு தாவி ‘டிக்’ என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகும். நாற்பது வருஷமாக அப்படித்தான் கேட்டிருக்கிறார். காரவானில் அந்த இடம் வழவழவென்று போய்விடுகிறது. மாமாவால் தாங்க முடியவில்லை. இரண்டாவது சரணம் வரும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தலையைச் சற்றே சாய்த்து, சரியான இடத்தில் வாயாலேயே “டிக்” என்கிறார். தாளம் பிசகாது. வந்தவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். காபியைக் கொண்டுவரும் மாமிகூட ‘டிக்’ ஆனபிறகுதான் டம்ளரைக் கீழே வைக்கிறாள். இப்போது பேரனும் சொல்கிறான். அந்தக் குழந்தைக்கு அது பாட்டின் ஒரு பகுதி.

புத்தகம் என்றால் ‘பொன்னியின் செல்வன்’தான், வேறு என்ன. கல்கியில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த பக்கங்களை மாமாவின் அம்மா கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தது. மணியத்தின் படங்கள், ஓரத்தில் தைல விளம்பரம், தையல் பிரிந்து எட்டிப்பார்க்கும் நூல் எல்லாம் உண்டு. அதைத் தொட நமக்கு அனுமதியில்லை. அவர் புரட்டுவார், நாம் எட்ட நின்று பார்க்கலாம். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆகி, 2022இல் மணிரத்னம் படம் வந்த சூட்டில் எத்தனையோ பதிப்புகள் குவிந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பொடி எழுத்து, படமில்லை, மையில் மணமில்லை. ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது மாமி பீரோவைத் திறந்து காட்டினாள். பைண்டுக்குப் பின்னால் மலிவுப் பதிப்பு ஐந்து பாகமும், முனை மடங்கி, பஸ் டிக்கெட் அடையாளம் வைத்து. பைண்டில் மூன்றாம் பாகத்துக்கு நடுவே கரையான் சாப்பிட்ட அத்தியாயங்களை அவர் அதில்தான் படித்துக்கொள்கிறாராம். “சொல்லிடாதே,” என்றாள். சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன்.

இளைஞர்களின் மறுவெளியீட்டில் மட்டும் மாமா தோற்றுப்போனார். 2022இல் மகேஷ் பாபுவின் ‘போக்கிரி’ தொடங்கிவைத்த கூத்து இந்த ஊரில் இன்னும் ஓயவில்லை. 2023 ஆகஸ்டில் நம்ம ‘வாரணம் ஆயிரம்’ தெலுங்கு வடிவம், ‘சூர்யா சன் ஆஃப் கிருஷ்ணன்’, மறுபடி வந்தது. தமிழ்ப் படமாயிற்றே என்று கடமையுணர்ச்சியோடு போனோம். முதல் பாட்டிலேயே தியேட்டர் மொத்தமும் எழுந்து நின்றது. ஹாரிஸ் ஜெயராஜ் தேவைப்படவில்லை, அவர்களே பாடிக்கொண்டார்கள். பேப்பர் துண்டுகள் மாமாவின் தலையில் விழுந்தன. ஏதோ ஷாட் இல்லை என்று அவர் வாயசைத்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்தேன், நின்றுகொண்டே.

கிண்டல் இதுவரைதான். 2025 ஆகஸ்ட் முதல் தேதி தனுஷின் ‘அம்பிகாபதி’, அதாவது ஆனந்த் எல். ராய் 2013இல் எடுத்த ‘ராஞ்ஜனா’வின் தமிழ் வடிவம், மறுபடி வெளியானது. கடைசியில் செத்துப்போகிற நாயகனை உரிமை வைத்திருந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிழைக்க வைத்துவிட்டது. இயக்குநர் எதிர்த்தார், தனுஷ் எதிர்த்தார், படம் ஓடிக்கொண்டிருந்தது. ‘பாபா’வை 2022இல் ரஜினி வெட்டி ஒட்டி முடிவை மாற்றி வெளியிட்டாரென்றால் அது அவர் சொத்து, அவர் கத்திரி. இங்கே எடுத்தவனையும் கேட்கவில்லை, நடித்தவனையும் கேட்கவில்லை. பேப்பரில் படித்துவிட்டு மாமா என்னிடம் வந்து நின்றார். “செத்தவன் எழுந்து உக்காந்துட்டானாம்டா,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் இவ்வளவு குறைவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ‘4கே’ என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். உள்ளே போனால் டிவியில் போட்ட காப்பியைத் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, முகமெல்லாம் மெழுகு. எதை வெட்டினோம், எதைச் சேர்த்தோம் என்று ஆரம்பத்தில் ஒரு கார்டு போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் புதுமைப்பித்தன் கதைகளைப் பதிப்பித்தபோது எந்தக் கதை முதலில் எங்கே எப்போது வந்தது, பாடம் எங்கெங்கே மாறுகிறது என்று பின்னால் எழுதிவைத்தார். மாமா அந்தப் புத்தகத்தைக் கடைசியிலிருந்துதான் படித்தார். கதைகளுக்கு இன்னும் வரவில்லை. சினிமாவில் அந்த நாணயத்தை யாரிடம் கேட்பது? தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’, 1931, ஒரு பிரிண்ட்கூட மிச்சமில்லை. அதில் எந்த ஷாட் இருந்தது என்று தொல்லை கொடுக்கவாவது ஒரு மாமா மிஞ்சியிருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

இந்த மரியாதையோடுதான் போன டிசம்பரில் அவரோடு ‘ஷோலே’ போனேன். இதில் அவரை அசைக்க முடியாது. 1975இல் வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. காலேஜ் ஃபீஸ் போன வழி அவர் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. எமர்ஜென்சி காலத்துத் தணிக்கை, ரமேஷ் சிப்பி எடுத்த முடிவை மாற்றச் சொன்னது. தாக்கூர் கப்பர் சிங்கைக் காலாலேயே கொன்று தீர்ப்பதாக எடுத்திருந்ததை, கடைசி நிமிஷத்தில் போலீஸ் வந்து தடுப்பதாக்கி வெளியிட்டார்கள். நம் ஊர்த் தியேட்டர்களில் ஓடியது அதுதான். ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அந்தப் பழைய முடிவையும் தேடிச் சேர்த்துப் படத்தை மீட்டது. இத்தாலியில் போலோன்யா விழாவில் ஜூனில் காட்டிவிட்டு, டிசம்பரில் இங்கே கொண்டுவந்தார்கள்.

இதையெல்லாம் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை.

ராம்கட் பாறைகளுக்கு நடுவில் தாக்கூரின் கால் உயர்ந்தது. மாமா சீட்டின் நுனிக்கு வந்தார். “இப்ப போலீஸ் வரும்,” என்றார். வரவில்லை. “வரணுமே,” என்றார். கப்பர் செத்தான். விளக்குப் போட்டார்கள். மாமா இன்னும் போலீஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க ஒரு ஷாட் இல்லாம இருந்ததுடா!”

வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது விளக்கினேன். முதலில் எடுத்தது இதுதான், ஒரிஜினல் இதுதான், நீங்கள் பார்த்ததுதான் மாற்றியது. அவர் ஆட்டோக்காரனிடம் மாரெட்பள்ளிக்கு மீட்டர் போடச் சொல்லி ஹிந்தியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் மாமி போன் பண்ணினாள். “மாமா ராத்திரி பூரா தூங்கலை. போலீஸ் வர ஷாட்டைக் காணும்னு பாம்பேக்கு லெட்டர் எழுதிண்டிருக்கார். ‘கன்டின்யூயிட்டி’க்கு இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் என்னன்னு உன்னண்ட கேக்கச் சொன்னார்.”