நிக்கும் அண்ணன்

கணினி சொல்படி மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் மேசையில் பலகையை அசையாமல் பிடிக்க உலகம் பல வழி கண்டிருக்கிறது. நிக்கும் அண்ணன் கண்ட வழி, அதைத் தட்டிக்கொடுப்பது. பலகையைத் தூக்கிப் போடுவார். ஏரில் பூட்டுமுன் மாட்டின் முதுகில் தட்டுவதுபோல உள்ளங்கையால் இரண்டு தட்டு. “நிக்கும்.” உடனே ஸ்டார்ட். பக்கத்தில் இருப்பவர் கிளாம்ப் என்று வாயெடுத்தால், “அது எங்க நைனா போவப் போவுது?” என்பார். எங்கே போகும் என்பது, நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் பிட் மரத்தில் இறங்கியதும் தெரியும்.

இந்த நம்பிக்கை தேக்குக் கதவிலிருந்து வந்தது. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குல கனம் உள்ள கதவு ஐம்பது, அறுபது கிலோ இருக்கும். உருண்டை முனை பிட்டால் மேலோட்டமாகச் சுரண்டும்போது அது தன் எடையிலேயே கிடக்கும். கதவு நின்றது கதவின் பெருந்தன்மை. அண்ணன் அதைத் தன் கைராசி என்று எடுத்துக்கொண்டார். அதே இரண்டு தட்டோடு பெயர்ப்பலகையை வைத்தால், பெயரின் முதலெழுத்து மேசையிலும் மீதி சுவரோரமும் கிடைக்கும்.

இரண்டு முறை அப்படிப் பறந்தபின் அவர் ஒரு கருவியைச் சேர்த்துக்கொண்டார்: அரிசிச் சிப்பம். ஆரணிப் பக்கத்துக் களம்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. பொன்னி அரிசி ஆலைகள் உள்ள ஊர். 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பைக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து 26 கிலோ சிப்பம் பெருகிவிட்டது. வரிக்குத் தப்பப் பிறந்த அந்த ஒரு கிலோவை, பிடிமானத்தில் தனக்குக் கிடைத்த கொசுறாக அண்ணன் கருதுகிறார்.

சிப்பத்தின் குறை, அது கீழ்நோக்கி மட்டுமே அழுத்தும் என்பது. பிட் தள்ளுவது பக்கவாட்டில். அதைத் தடுப்பது உராய்வு மட்டும். எடையில் மூன்றிலொரு பங்கு தேறினால் அதிகம், அதாவது எட்டு கிலோ சொச்சம். இயந்திரம் அதிர அதிர அதுவும் கரையும். போதாததற்கு, சாதாரண முறுக்கு பிட் தூளை மேலே இழுக்கும்போது பலகையையும் சேர்த்துத் தூக்கும். இவையெல்லாம் நடப்பதற்குள், பிட்டைச் சுழற்றிக்கொண்டு குறுக்கே வரும் ஸ்பிண்டில் சிப்பத்தில் முட்டிவிடுவதும் உண்டு. தூசி உறிஞ்சும் குழாயில் பொன்னி அரிசி சடசடவென்று ஏறும் சத்தம் ஒருமுறை கேட்டால் மறக்காது.

அடியிலிருந்து காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் மேசையிடம் சிப்பத்தைவிட அதிகம் எதிர்பார்க்கலாம், ஆனால் பெரிய பலகைக்குத்தான். காற்று ஒரு சதுர சென்டிமீட்டரை ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. பாதி வெற்றிடம் கிடைத்தாலே முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் பலகைமேல் 450 கிலோ. பத்துக்கு ஐந்து துண்டுக்கோ 25 கிலோதான். அண்ணனின் சிப்பத்துக்கு ஒரு கிலோ குறைவு. ஜாலி (சல்லடைப் பின்னல்) வெட்டினால் ஓட்டை வழியே அதுவும் போய்விடும்.

சின்னத் துண்டுக்குச் சரியான வழி எளியது. பலகையின் அடியிலும் மேசையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே ஃபெவிகுவிக் விட வேண்டும். வேலை முடிந்ததும் உரித்துவிடலாம். அல்லது ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் வெட்டாமல் பாலம் விட்டு, பிறகு உளியால் தட்டி எடுக்கலாம். பெரிய பலகையை, வெட்டுப்பட்டாலும் பாதகமில்லாத எம்டிஎஃப் அடிப்பலகையோடு சேர்த்து ஸ்க்ரூ போடலாம். ஸ்க்ரூ இருக்கும் இடம் மட்டும் பிட்டின் பாதையில் வரக் கூடாது. அண்ணனுக்கு இவை எல்லாமே தெரியும். கேட்டால் விளக்கமாகச் சொல்லவும் செய்வார்.

இது பட்டுத் தறிச் சீமையில் நடப்பதுதான் விந்தை. ஓட்டை போட்ட அட்டைகளால் தறிக்கு உத்தரவிடும் முறையை ஜக்கார்டு 1804 வாக்கில் செம்மைப்படுத்தினார். அமெரிக்காவின் எம்ஐடியில் 1952இல் காட்டப்பட்ட முதல் எண்வழி இயந்திரமும் ஓட்டை போட்ட நாடாவைப் படித்துத்தான் ஓடியது. ரவுட்டருக்குத் தறி பாட்டன் முறை. ஆரணிப் பக்கத்தில் பாவைத் தொய்யவிட்டு “நிக்கும்” என்று சொல்லி நாடா எறியும் நெசவாளி யாரும் கிடையாது.

கதவும் ஒருநாள் நகரும். முரட்டு ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் நகர்ந்தால், கஜலட்சுமியின் இடப்பக்க யானைக்கு இரண்டு தும்பிக்கை முளைக்கும். “ஃபைல்ல மிஸ்டேக்” என்பார் அண்ணன், அடுத்து “கரண்ட் டல்லு.” மரம் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சாகிவிட்டது. நான்கு மூலைக்கு நான்கு ஸ்க்ரூ போட ஐந்து நிமிடம் ஆகும்; அதைப் போடாததற்கு எந்தச் சாக்கும் செல்லாது.

ஆனாலும் துண்டு பறக்கும் நொடியில், அண்ணனின் இடது கை தானாக நீண்டு பின்னால் நிற்கும் உதவிப் பையனை மறைக்கும். முழங்கைத் தழும்பு அப்படி வந்ததுதான். அந்தப் பையன் இப்போது அண்ணன் டீக்குப் போகும் நேரம் பார்த்து ஸ்க்ரூ முடுக்கி வைக்கிறான். திரும்பி வருகிறவர் பலகையை இரண்டு தட்டு தட்டி, ஆட்டிப் பார்க்கிறார். அசையவில்லை.

“பாத்தியா, நிக்கும்னு சொன்னேன்ல?”