மானியமூர்த்தி

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பந்தி எப்போது என்று பார்ப்பார்கள். மானியமூர்த்தி தரையைப் பார்ப்பார். ஹாலில் நீளவாக்கில் எத்தனை டைல்ஸ், அகலவாக்கில் எத்தனை என்று உதடு அசையாமல் எண்ணி, ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் என்பதால் நான்கால் பெருக்கி, அப்படியே படுக்கையறை, சமையலறை என்று ஒரு சுற்று வந்துவிடுவார். கார்ப்பெட் ஏரியாவுக்கு இதைவிடச் சுத்தமான அளவு கிடையாது என்பது அவர் கட்சி. பிறகு வீட்டுக்காரரின் காதருகே வந்து, "தம்பி, அறுபது சதுர மீட்டருக்குள்ளதான் வருது. விலையும் 45 லட்சத்தைத் தாண்டல. ஜிஎஸ்டி ஒரு பர்சென்ட்தானே போட்டான்?" என்பார். அஞ்சு போட்டான் என்று பதில் வந்தால் அன்றைக்கு அவருக்குப் பாயசம் இறங்காது.

மூர்த்தி என்பது பெற்றோர் வைத்த பெயர். மானியம் ஆபீஸ் வைத்தது. பத்துப் பேர் சேர்ந்து வேலை பார்க்கும் இடம் எதுவானாலும் அங்கே இவர் ஒருவர் உண்டு, பெயர்தான் மாறும். வாடகை வீட்டில் இருப்பார். முதல் வீடு வாங்குகிறவனுக்கு மத்திய அரசு என்ன தருகிறது, மாநில அரசு என்ன தருகிறது, பிஎஃப்பில் எந்தப் படிவத்தில் எடுக்கலாம், வருமான வரியில் எந்தப் பிரிவில் கழிக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. அதில் ஆதார், பான், மூன்று வருட ஃபார்ம் 16, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், 'இந்தியாவில் எங்கும் என் குடும்பத்தில் யார் பெயரிலும் கான்கிரீட் வீடு கிடையாது' என்ற நோட்டரி உறுதிமொழி, எல்லாம் மூன்று செட். இல்லாதது வீட்டின் பத்திரம் ஒன்றுதான்.

அவரைச் சோம்பேறி என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காத்திருக்கக் கற்றுக்கொடுத்ததே அரசாங்கம்தான். 2015 ஜூனில் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நகரங்களுக்கு வந்தது. 2017 ஜனவரியிலிருந்து நடுத்தர வருமானக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். குடும்ப வருமானம் ஆறிலிருந்து பன்னிரண்டு லட்சம் இருந்தால் ஒன்பது லட்ச ரூபாய்க் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம்; மொத்தமாக 2.35 லட்சம் கடன் கணக்கில் வந்து விழும். மூர்த்தி இந்தப் பிரிவில் கச்சிதமாகப் பொருந்தினார். ஊரப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டும் அமைந்தது. ஆனால் உச்சவரம்பு 90 சதுர மீட்டர். ஃப்ளாட்டோ கொஞ்சம் பெரிசு. பொறுத்தார். அதே ஆண்டு நவம்பரில் வரம்பை 120 ஆக்கினார்கள். "பாத்தியா, பொறுத்ததுக்குப் பலன்" என்று இன்னும் பொறுத்தார். 2018 ஜூனில் 160 ஆக்கினார்கள். அதற்குள் ஊரப்பாக்கம் ஃப்ளாட்டில் வேறொருவர் பால் காய்ச்சி, பிள்ளைக்குக் காதுகுத்தும் நடத்திவிட்டார்.

கெடுவும் அப்படியே. ஒரு வருடம்தான் என்று தொடங்கியதை 2019 மார்ச் வரை நீட்டினார்கள். பிறகு 2020 மார்ச். பிறகு 2021 மார்ச். மூன்று முறை நீட்டித்தவர்கள் நான்காவது முறை நீட்டிக்க மாட்டார்களா என்று மூர்த்தி நம்பியதில் என்ன தப்பு? அவர்கள் நீட்டிக்கவில்லை.

அந்தக் கடைசி வருடத்தில் அவர் சும்மா இருந்துவிடவும் இல்லை. கிராமத்தில் அப்பா கட்டிய மாடி வீட்டில் அவருக்குப் பாதிப் பங்கு. எங்கும் வீடு இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு அங்கே பாதி வீடு வைத்திருப்பது உறுத்தியது, நேர்மையான மனிதர். ஆகவே பேருந்து பிடித்துப் போய்த் தன் பங்கைத் தம்பி பெயருக்கு விடுதலைப் பத்திரம் போட்டுக் கொடுத்தார். முத்திரைக் கட்டணமும் எழுத்துக்கூலியும் இவர் பணம். தம்பி கையெழுத்து போடும்போது, "அண்ணே, நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று கேட்டாராம். "யோசிக்காமலா? இப்பத்தான் நான் தகுதியுள்ளவன்" என்றாராம் மூர்த்தி. வீடு வாங்குவதற்காக இருந்த பாதி வீட்டையும் விட்ட மனிதரை வேறெங்கும் நான் கண்டதில்லை. பத்திரம் பதிவாகி, வில்லங்கச் சான்றில் ஏறி, அவர் முழுத் தகுதியோடு வங்கிக்குப் போனபோது ஏப்ரல் பிறந்திருந்தது.

2024 செப்டம்பரில் திட்டத்தின் இரண்டாம் பாகம் வந்தது. மூர்த்தி மறுபடி இளைஞரானார். ஆனால் இம்முறை வருமான உச்சவரம்பு ஒன்பது லட்சம். அவர் சம்பளம் போன இன்க்ரிமென்டில்தான் அதைத் தாண்டியிருந்தது. இன்க்ரிமென்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போக வேண்டிய ஒரே வீடு அவருடையது. ஓய்வு பெற்றால் வருமானம் குறையும், தகுதி திரும்பும் என்று ஒரு மாலை முழுக்கக் கணக்குப் போட்டார். ஓய்வு பெற்றவருக்கு இருபது வருடக் கடனை எந்த வங்கி கொடுக்கும் என்று அவர் மனைவி கேட்டதும் காகிதத்தை மடித்து ஜிப் பைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை.

அந்த இரண்டாம் பாகத்தைக் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும். வீட்டின் விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் எட்டு லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணையில். சிவகங்கைக்கும் 35 லட்சம், சென்னைக்கும் 35 லட்சம். சிவகங்கையில் அந்தப் பணத்துக்குத் தோட்டம் வைத்து வீடு கட்டலாம். சென்னையில் அந்த விலைக்கு வீடு தேடினால் செங்கல்பட்டு ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டும். இந்த வரம்பை எழுதியவர் எந்த ஊரில் வீடு தேடினாரோ!

பழைய வீடாக 35 லட்சத்துக்கே ஒன்று அகப்பட்டது என்று வையுங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 3.15 லட்சம். மாநில அரசு வாசலில் நின்று 3.15 வாங்கிக்கொள்ள, மத்திய அரசு கொல்லைப்புறமாக வந்து 1.80 தருகிறது. வாசலில் ஒரே தவணை, கொல்லையில் ஐந்து தவணை. அதை விடுங்கள். வீட்டு விலை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் ஒரு வருடத் தாமதத்துக்கு 1.75 லட்சம் போச்சு. ஐந்து வருடம் கைநீட்டி வாங்குவதை ஒரே வருடக் காத்திருப்பு கிட்டத்தட்டத் தின்றுவிடும். இந்தக் கணக்கை நான் ஒருமுறை அவரிடம் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். "கணக்கு சரி சார். ஆனா அது நம்ம காசு. இது கவர்மென்ட் காசு" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் மனைவியிடம் இருந்தது. திட்டத்தில் பெண் பெயருக்கு முன்னுரிமை என்று வந்த நாளிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் அந்த அம்மாள்தான் முதல் விண்ணப்பதாரர். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சத்துக்குள்ளான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று தமிழக அரசு அறிவித்ததும், மூர்த்தி மதுராந்தகத்துக்கு அப்பால் மனை பார்க்கப் புறப்பட்டார். "கல்யாணம் ஆனதுலேருந்து என் பேர்ல வீடு வாங்குறார். என் பேர்ல இருக்கிறது கேஸ் சிலிண்டர் ஒண்ணுதான்" என்றார் அம்மாள், மோர் ஊற்றிக்கொண்டே.

கேலி பண்ணுவது சுலபம். ஆனால் ஆபீசில் ஏழெட்டுப் பேர் அவரால் வீட்டுக்காரர்களானவர்கள். டெஸ்பாட்ச் பையன் குறைந்த வருமானப் பிரிவில் 2.67 லட்சம் வாங்கியது, வங்கியில் இவர் போய் உட்கார்ந்து, "சர்க்குலரைப் படிச்சீங்களா?" என்று கேட்டதால்தான். வாட்ச்மேனுக்குச் சொந்த ஊரில் ஓலைக்குடிசை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் என்று செய்தி வந்த அன்றே அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார். அஸ்திவாரத்துக்குக் காசு வந்ததா, கூரைக்கு வந்ததா என்று போனில் விசாரித்தபடி இருந்தார். வீடு எழும்பியதும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "360 சரியா இருக்கு. நமக்குத்தான் ஒரு குடிசைகூட இல்லாம போச்சு" என்றார். அதில் பொறாமை இருந்ததாக எனக்குப் படவில்லை. விதிமுறைப்படிதான் வருத்தப்பட்டார்.

போன மாதம் அவர் மகன் பல்லாவரத்தில் ஃப்ளாட் வாங்கிவிட்டான். அப்பாவிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது. 62 லட்சம். மூர்த்தி ஜிப் பையைத் திறந்து உட்கார்ந்தார். விலை 35ஐத் தாண்டியது, கடன் 25ஐத் தாண்டியது, மகனின் சம்பளம் ஒன்பதை எப்போதோ தாண்டியது. ஜிஎஸ்டி? அஞ்சு பர்சென்ட். கடைசியாக ஒரு துருப்புச்சீட்டை எடுத்தார்.

"வட்டிக்கு ரெண்டு லட்சம் வரியில கழிக்கலாம்டா. மருமகளையும் சேர்த்துப் பதிஞ்சா அவளுக்குத் தனியா ரெண்டு லட்சம்."

"நாங்க ரெண்டு பேரும் நியூ ரெஜிம்ப்பா. குடியிருக்கிற வீட்டுக்கு அதுல ஒண்ணும் கிடையாது."

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு மகனுக்குப் போன் அடித்திருக்கிறார். குரலில் பழைய தெம்பு.

"டேய், சொத்து வரியை அரையாண்டு ஆரம்பிச்ச முதல் மாசத்துக்குள்ள கட்டினா அஞ்சு பர்சென்ட் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் ஐயாயிரம். மாநகராட்சியில கேட்டு வாங்கிடு. ஆனா பில்லு முதல்ல மருமக பேர்ல மாறட்டும், அவசரப்பட்டுக் கட்டிடாதே."