மச்சான் அறிய வேண்டிய தட்பவெப்பம்

அன்பின் மச்சானுக்கு,

ஊரிலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்பும் "அங்க குளிர் எப்பிடி?" என்ற வினாவோடு தொடங்குவதாலும், அதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகள் பாதி பொய்யும் பாதி பெருமையுமாக அமைந்துவிட்டதாலும், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் குடியேறிய யாழ்ப்பாணத்தவரின் வானிலையையும் நட்பையும் முறையாக விளக்குவதற்கு இக்கடிதம் எழுதப்படுகிறது.

கனடாவில் வெப்பமானி காட்டும் அளவோடு ஒருவரும் நிறைவடைவதில்லை. குளிர்காலத்தில் 'விண்ட் சில்' என்றொரு எண் சேர்த்து அறிவிக்கப்படுகிறது. காற்று வீசும்போது தோல் எவ்வளவு விரைவாக வெப்பத்தை இழக்கிறது என்று கணித்து, அதைக் குளிரின் அளவாகச் சொல்லும் இவ்வெண்ணின் இன்றைய சூத்திரம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வெப்பநிலை −15 பாகையாக இருந்து, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், உடல் உணர்வது −26. கோடையில் இதே வேலையை ஈரப்பதத்தைக் கூட்டிக் கணிக்கும் 'ஹியூமிடெக்ஸ்' செய்வதால், 30 பாகை வெயில் புழுக்கமான நாளில் 40க்கு மேல் ஏறிவிடுகிறது. ஊரில் 30 பாகையை வெயிலென்றே மதியாதவரும் அன்று ஏசியின் முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்துவிடுகிறார். ஊருக்குப் பேசும்போது குளிருக்கு மிகப் பெரிய எண்ணையும் சம்பளத்துக்கு வரி கழித்த மிகச் சிறிய எண்ணையும் தெரிந்து சொல்வது புலம்பெயர்ந்தோரிடையே நிலைபெற்றுவிட்ட மரபாகும்.

நட்பின் பரிசோதனை வீட்டு வாசலில் நடைபெறுகிறது. விடியற்காலையில் எழுந்து, முதுகு நோவ, கார் நிற்கும் பாதையில் கிடக்கும் ஸ்னோவைச் சவலால் தள்ளி முடித்து, தேநீருக்கு உள்ளே போன அந்தப் பத்து நிமிடத்துக்குள் மாநகராட்சியின் ஸ்னோ தள்ளும் வண்டி தெருவை வழித்துக்கொண்டு வந்து, வழித்த அத்தனையையும் அப்பாதையின் வாயிலில் ஒரு வரம்பாகக் குவித்துவிட்டுப் போகிறது. இவ்வரம்பு முற்றத்தில் விழுந்த பஞ்சுபோன்ற ஸ்னோ அன்று. உப்பும் சேறும் ஐஸ் கட்டியும் கலந்து இறுகியது, சவலின் பிடியை முறிக்க வல்லது. கலியாண மண்டபத்தில் ஐந்நூறு பேரோடு நின்று படம் எடுத்தவருக்கும் அதை உடைக்க ஓராள் கிடைப்பது அருமை. பெரும்பாலும் வருபவர், ஸ்னோ ஊதும் இயந்திரம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவர். பெயரைச் சரியாக உச்சரிக்க இரு தரப்பாராலும் இயலாத நிலையில், அவர் வரம்பை உடைப்பதும், மாலையில் அவர் வீட்டுக்கு ஆட்டிறைச்சி றோல்ஸ் போவதும், 'இன்றைக்கு மோசம், நாளைக்கு இன்னும் மோசம்' என்ற ஒரே உரையாடலும் பல ஆண்டுகளாகத் தடையின்றித் தொடர்கின்றன.

வானிலையும் நட்பும் சேர்ந்த கதைகளில் சிரிப்புக்கு இடமில்லாததும் ஒன்று உண்டு. 1986 ஓகஸ்ட் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அப்பகுதி மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். 30 ஆண்டுகள் கழித்தும் அம்மீனவர்களைத் தேடிச் சந்தித்து நன்றி சொன்னோர் காப்பாற்றப்பட்டோரிடையே இருந்தனர்.

பழைய நண்பர்களோ வேறு வகையினர். ஒரே வாங்கில் இருந்து படித்த நால்வர் இந்நகரிலேயே இருந்தும், வழி வழுக்குகிறது, 401 நெடுஞ்சாலை அடைத்துக் கிடக்கிறது, தடிமன் பிடித்திருக்கிறது என்ற காரணங்களால் நவம்பரில் மறைந்து, பழைய மாணவர் சங்கத்தின் கோடை ஒன்றுகூடலில் கிறிக்கெற் மட்டையோடும் பெருத்த வயிற்றோடும் மீண்டும் தோன்றுகின்றனர். குளிர் முழுவதும் ஒருவரையொருவர் விசாரிக்கவில்லை என்ற மனத்தாங்கல் முதல் ஓவர் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஆறு மாதம் பேசாதிருந்தாலும் கெடாத நட்பைக் குளிர் நாடு பழக்கிவிடுகிறது என்பதைக் குறையாகக் கொள்வதற்கில்லை.

மச்சானோடுள்ள தொடர்புக்கு இடையூறு கடிகாரத்தால் வருகிறது. பகலொளியைக் கூடுதலாகப் பயன்கொள்ள மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்தள்ளப்படும் ஒன்ராறியோக் கடிகாரம் நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்புவதால், யாழ்ப்பாணத்துக்கும் ஸ்காபரோவுக்கும் இடையே குளிர்காலத்தில் பத்தரை மணியாக இருக்கும் வேறுபாடு கோடையில் ஒன்பதரையாகக் குறைகிறது. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு எடுக்கப்படும் அழைப்பு தையில் மச்சானின் ஞாயிறு காலை எட்டு மணித் தேநீரோடும், சித்திரையில் ஏழு மணிக் குறட்டையோடும் சந்திப்பதன் காரணம் இதுவே; இதற்காகத் தொலைபேசியை அணைத்துவைப்பது முறையன்று.

விசா கிடைத்தால் ஆனி அல்லது ஆடியில் வருவதே உத்தமம். தையில்தான் வருவேன் என்று மச்சான் அடம்பிடிப்பாராயின், ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த ஆறு பேர் அணிந்து கைமாறிய கறுப்பு ஜக்கெற் ஒன்று விமான நிலையத்துக்குக் கொண்டுவரப்படும். அதன் சிப் நெஞ்சுவரைக்குமே ஏறும்; மச்சானின் தற்போதைய உடல்வாகுக்கு அதுவும் ஏறுமா என்பதை முற்கூட்டியே அளந்து அனுப்பினால் உதவியாக இருக்கும். புழுக்கொடியல் கொண்டுவர மறக்கக் கூடாது.